மெக்டொனால்ட் ஸ்டீபன்சனும் ஐந்து சதவீத ரயிலும்

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறினான். கையில் மொத்தம் 3 ரூபாய். போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. கிளம்பும் முன் ஒரு பழைய அட்லஸைப் புரட்டிப் பார்த்திருந்தான். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையம் திண்டிவனம்தான் என்று அதில் இருந்தது. 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டான். வண்டியில் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடி மௌல்வி ஒருவர்தான், "திருவண்ணாமலைக்கே ரயில் போகிறதே, விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும்" என்கிற விஷயத்தைச் சொன்னார். பையனுக்கு ஆச்சரியம். மிச்சம் இருந்த 3 அணாவில் மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் வாங்க முடிந்தது. அப்புறம் நடை, பசி, கடுக்கனை அடகு வைத்தது என்று பலதும் நடந்து, செப்டம்பர் 1-ம் தேதி ரயிலிலேயே வந்து திருவண்ணாமலையில் இறங்கினான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஆனால் இதில் வரும் ரயிலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அட்லஸ் பொய் சொல்லவில்லை. அது அச்சான பிறகு விழுப்புரம் - காட்பாடி மீட்டர் கேஜ் பாதை வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த நாட்டில் ரயில் வந்தது எப்படி என்று கேட்டால் "வெள்ளைக்காரன் போட்டான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். எந்த வெள்ளைக்காரன்? யார் பணத்தில்? நஷ்டம் வந்தால் யார் தலையில்? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஒரு ஆள் கிடைக்கிறார். பெயர் ரோலண்ட் மெக்டொனால்ட் ஸ்டீபன்சன். பையன் மதுரையில் ரயில் ஏறியதற்கு முந்தைய வருஷம், 1895-ல்தான் அவர் இறந்தார்.

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீராவி எஞ்சினோடு வரும் ஜார்ஜ் ஸ்டீபன்சன் வேறு, இவர் வேறு. அவர் எஞ்சின் செய்தவர். இவர் கம்பெனி செய்தவர். எஞ்சினுக்கு நிலக்கரி வேண்டும், கம்பெனிக்கு மற்றவர்களின் பணம் வேண்டும். அந்த இரண்டாவது வித்தையில் இவர் கைகாரர்.

பிறந்தது 1808-ல். அப்பா பெயரும் ரோலண்ட் ஸ்டீபன்சன்தான். லண்டன் லொம்பார்ட் தெருவில் ஒரு பாங்கின் பங்காளி, பார்லிமெண்ட் உறுப்பினர், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பொருளாளர் என்று ஊரே மதிக்கும் மனிதர். 1828 டிசம்பர் கடைசியில் ஒரு நாள் அந்த மனிதரைக் காணோம். பாங்கின் பெட்டியில் இருக்க வேண்டிய பத்திரங்களையும் காணோம். ஆள் தன் குமாஸ்தாவோடு கப்பலேறி அமெரிக்காவுக்கு ஓடியிருந்தார். ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பிடித்து நியூயார்க் கொண்டு போனார்கள், கடனுக்காகச் சிறையில் வைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கடைசி வரைக்கும் அவர் இங்கிலாந்து திரும்பவில்லை. 1856-ல் அமெரிக்காவிலேயே செத்துப்போனார். பாங்க் மூழ்கியதில் எத்தனையோ பேருடைய பணம் போனது.

அப்போது மகனுக்கு வயது 20. நம் ஊரில் ஒரு சீட்டுக் கம்பெனி ஓடிப்போனால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தெருவில் தலைகாட்ட முடியுமா என்று நினைத்துப் பார்த்தால் அந்த நிலைமை புரியும். மற்றவர்களிடம் "என்னை நம்பிப் பணம் போடுங்கள்" என்று கேட்பதையே தொழிலாக வைத்துக்கொண்ட ஒருவருக்கு இப்படி ஒரு அப்பா! பணம் போட்டவன் எதற்குப் பயப்படுவான் என்பதை இவர் எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டியிருந்திருக்காது. பின்னாளில் அவர் செய்த காரியத்தைப் பார்க்கும்போது இந்த 1828 ஞாபகத்துக்கு வராமல் போகாது.

1830களில் அவர் இந்தியாவுக்கு நீராவிக் கப்பல் விடும் முயற்சிகளில் ஈடுபட்டிருந்தார். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வந்த தபாலைச் செங்கடல் வழியாகச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்று வியாபாரிகள் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. கப்பலில் கல்கத்தா வரைக்கும் சீக்கிரமாக வந்துவிடலாம் சரி, அங்கிருந்து உள்ளே? மாட்டு வண்டியும் படகும்தான். கங்கையில் எதிர்நீச்சல் போட்டு சரக்கு மேலே போக வாரக்கணக்கில் ஆகும். ஸ்டீபன்சனுக்கு ரயில் யோசனை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

1841-ல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களிடம் போய்ச் சொன்னார். பைத்தியக்காரத் திட்டம் என்கிற ரீதியில் பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் 1843-ல் கல்கத்தாவுக்கே கப்பல் ஏறிவிட்டார். 'இங்கிலிஷ்மேன்' பத்திரிகையில் கட்டுரை எழுதினார். கல்கத்தா வியாபாரிகளுக்குக் கேள்வித்தாள் மாதிரி ஒன்றை அனுப்பி, "ரயில் வந்தால் என்ன சரக்கு அனுப்புவீர்கள்" என்று பதில் வாங்கினார். வங்காள அரசாங்கத்துக்கு மனு போட்டார். 1844-ல் இவை எல்லாவற்றையும் திரட்டி அறிக்கையாகவே போட்டுவிட்டார். கல்கத்தாவிலிருந்து மிர்சாப்பூர் வழியாக டெல்லி பக்கம் போகும் பாதைதான் அதில் முக்கியம். ஆனால் அதோடு நிற்கவில்லை. பம்பாய், மதராஸ் எல்லாவற்றையும் இணைத்து ஒரு முழு தேசத்துக்கான வரைபடம் அவர் மனதில் இருந்தது. இந்தியாவில் அப்போது பயணிகள் ரயில் ஒரு கஜம் கூட இல்லை. (மதராஸில் செங்குன்றம் பக்கம் 1830களின் கடைசியில் கல் ஏற்ற ஒரு சின்ன ரயில் பாதை இருந்தது. அது தனிக் கதை.)

லண்டன் டைரக்டர்களுக்கு இப்போது மறுக்க முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. 1845 மே 7-ம் தேதி கவர்னர் ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இந்தியாவில் ரயில் ஓடாது என்பதற்கு அவர்கள் அடுக்கிய காரணங்கள் இன்றைக்குப் படித்தாலும் சுவாரசியம். மழையும் வெள்ளமும் வரும். காற்று பலமாக அடிக்கும், உச்சி வெயில் காயும். பூச்சிகள் கட்டையையும் மண்கரையையும் அரித்துவிடும் (கறையானைத்தான் சொல்கிறார்கள்). செடி கொடி முளைத்துச் செங்கல் கட்டடத்தைப் பிளக்கும். நிலத்துக்கு வேலியே கிடையாது. கடைசியாக, நம்பகமான எஞ்சினியர்கள் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் சம்பளம் கட்டுப்படி ஆகாது! ஜனங்களைப் பற்றியும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஏழைகள், மதக் கட்டுப்பாடு உள்ளவர்கள், இவர்கள் எங்கே ரயில் ஏறப்போகிறார்கள், சரக்கை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இதை ஆராய சிம்ஸ் என்ற எஞ்சினியரை அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள்தான் என்று 1846-ல் அறிக்கை கொடுத்தார்.

அதற்குள் ஸ்டீபன்சன் சும்மா இருக்கவில்லை. 1845 ஜூன் 1-ம் தேதி லண்டனில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனி உருவாகிவிட்டது. மேனேஜிங் டைரக்டர் அவர்தான். இங்கிலாந்தில் அது ரயில் பங்கு ஜுரம் உச்சத்தில் இருந்த வருஷம். சமையல்காரர் முதல் பாதிரியார் வரை ரயில் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். காற்று அடிக்கும்போதே தூற்றிக்கொள் என்று நம்மூரில் சொல்வார்களே, அதைத்தான் செய்தார். அதே ஜூலையில் சர்வேயர்களோடு திரும்ப இந்தியாவுக்கு வந்து மிர்சாப்பூர், டெல்லி வரைக்கும் பாதை அளக்க ஆரம்பித்தார்.

அந்த வருஷம் போட்டிக்கு ஒரு இந்தியரும் இருந்தார். துவாரகாநாத் தாகூர். கவிஞர் ரவீந்திரநாத்தின் தாத்தா. கப்பல், நிலக்கரி, அவுரி என்று எல்லாத் தொழிலிலும் கால் வைத்தவர், ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் அவருடைய கார் தாகூர் கம்பெனியின் கையில்தான் இருந்தது. கல்கத்தாவிலிருந்து அந்த நிலக்கரி வயலுக்கு ஒரு ரயில் பாதை போடலாம், முதலில் மூன்றில் ஒரு பங்கு பணத்தைத் தானே திரட்டித் தருகிறேன் என்று முன்வந்தார். கிரேட் வெஸ்டர்ன் ஆஃப் பெங்கால் என்று கம்பெனிக்குப் பெயர். அரசாங்கத்திடம் வட்டிக்கு உத்தரவாதம் கேட்டு உட்கார்ந்திருக்காமல், உள்ளூர்ப் பணத்தைப் போட்டு, உள்ளூர் நிலக்கரியை ஏற்றி, உள்ளூர் லாபத்தை எடுப்பது என்கிற யோசனை. ஆனால் 1846 ஆகஸ்ட் 1-ம் தேதி துவாரகாநாத் லண்டனில் இறந்துவிட்டார். 1847-ல் அவர் கம்பெனி ஸ்டீபன்சன் கம்பெனியோடு கரைந்துவிட்டது. அவர் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் இந்திய ரயிலின் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி இருந்திருக்குமா? அப்படி நினைக்க இடம் இருக்கிறது. அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் கம்பெனியே சில மாதங்களில் திவாலாகிவிட்டது.

1847-ல் இங்கிலாந்தில் ஜுரம் இறங்கியது. பங்குச் சந்தை படுத்துவிட்டது. பங்குக்குப் பெயர் கொடுத்தவர்கள் பணம் கட்டத் தயங்கினார்கள். இதுதான் ஸ்டீபன்சனின் வாழ்க்கையில் முக்கியமான கட்டம். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் நாட்டில், யாரும் பார்த்திராத இடத்தில், கறையான் அரிக்கும் கட்டையின் மேல் ஓடப்போகும் ரயிலுக்கு, லண்டனில் ஒரு விதவை தன் சேமிப்பை ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்க ஒரே ஒரு வழிதான். நஷ்டமே வராது என்று வேறு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஸ்டீபன்சனும் அவர் கூட்டாளிகளும் அதைத்தான் கேட்டார்கள். முதலில் 4 சதவீதம் என்று பேச்சு ஓடியது. போதாது என்று இழுத்து இழுத்து 5-க்குக் கொண்டுவந்தார்கள். 1849 ஆகஸ்ட் 17-ம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பம்பாயின் ஜி.ஐ.பி. ரயில்வேக்கும் அதே நாளில் அதே மாதிரி ஒப்பந்தம்.

ஒப்பந்தம் இதுதான். ஸ்டீபன்சன் கம்பெனி 10 லட்சம் பவுன் திரட்டி ஒரு சோதனைப் பாதை போடும். நிலம் 99 வருஷத்துக்கு இலவசம். போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் வட்டி உறுதி. ரயில் சம்பாதித்தாலும் சரி, ஓடாமல் நின்றாலும் சரி. சம்பாத்தியம் 5 சதவீதத்துக்குக் குறைந்தால் பாக்கியை அரசாங்கம் கொடுக்கும். அதிகமாக வந்தால் அரசாங்கமும் கம்பெனியும் பாதிப் பாதி. வேண்டாம் என்று தோன்றினால் கம்பெனி பாதையை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு முதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் அரசாங்கக் கடன் பத்திரமே சுமார் 3 சதவீதம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசாங்கப் பத்திரம் போன்ற பத்திரம், வட்டி மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். லாபம் வந்தால் பங்கு உண்டு, நஷ்டம் வந்தால் பங்கு இல்லை.

அந்த "அரசாங்கம்" யார் என்பதுதான் கேள்வி. லண்டன் கஜானா இல்லை. இந்திய வருமானம். அதாவது தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் கிஸ்தி கட்டிய விவசாயி, உப்புக்கு வரி கொடுத்த கூலிக்காரர். அவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

வேலை 1850-ல் தொடங்கியது. ஜார்ஜ் டர்ன்புல் தலைமை எஞ்சினியர். ஸ்டீபன்சன் கல்கத்தாவில் உட்கார்ந்து கம்பெனியை நடத்தினார். இங்கே அவரைப் பாராட்டத்தான் வேண்டும், ஏனென்றால் எதுவும் நேராக நடக்கவில்லை. பாதை நடுவில் சந்தன்நகர். நம் புதுச்சேரி மாதிரியே பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். அந்த நிலத்தின் வழியாகப் போக அனுமதி கிடைக்கவே நாளாகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து மாதிரி ரயில் பெட்டிகளை ஏற்றிவந்த 'குட்வின்' கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மூழ்கியது. எஞ்சின் ஏற்றிவந்த கப்பல் வழி தவறி ஆஸ்திரேலியாவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது (!). அங்கிருந்து திருப்பி அனுப்பித்தான் கல்கத்தா வந்தது. பெட்டிகளைக் கடைசியில் கல்கத்தாவிலேயே செய்துகொண்டார்கள். இந்தத் தாமதத்தால்தான் "இந்தியாவின் முதல் பயணிகள் ரயில்" என்ற பெயர் பம்பாய்க்குப் போனது. 1853 ஏப்ரல் 16, போரிபந்தர் - தாணா. ஸ்டீபன்சன் பன்னிரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த விஷயத்தை வேறு ஒருவர் முதலில் ஓட்டிக் காட்டிவிட்டார்.

ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15-ம் தேதி கிளம்பியது. (ஆகஸ்ட் 15-க்கு அப்போது எந்த விசேஷமும் கிடையாது.) 24 மைல், 91 நிமிஷம். முதல் நாள் சுமார் 3,000 பேர் டிக்கெட் கேட்டு வந்து நின்றார்கள். ஏற்ற முடிந்தது கொஞ்சம் பேரைத்தான். முதல் வகுப்புக்கு 3 ரூபாய், மூன்றாம் வகுப்புக்கு 7 அணா.

முதல் 16 வாரங்களின் கணக்கு இப்போதும் இருக்கிறது. மொத்தம் 1,09,634 பேர் பயணம் செய்தார்கள். அதில் முதல் வகுப்பு 5,511. இரண்டாம் வகுப்பு 21,005. மூன்றாம் வகுப்பு 83,118. அதாவது நாலு பேரில் மூன்று பேர் மூன்றாம் வகுப்பு. "இந்த ஜனங்கள் ரயில் ஏற மாட்டார்கள்" என்று சொன்ன டைரக்டர்களுக்கு 7 அணாக்காரர்கள் கொடுத்த பதில் இது. ஜாதி பார்த்து ஒதுங்குவார்கள் என்றார்கள். பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து போனார்கள். உட்கார இடம் இருந்ததா, குடிக்கத் தண்ணீர் இருந்ததா என்பது வேறு விஷயம். மூன்றாம் வகுப்பின் கொடுமையைப் பற்றி அறுபது வருஷம் கழித்துக் கூட காந்தி எழுத வேண்டியிருந்தது.

1855 பிப்ரவரியில் பாதை ராணிகஞ்ச் வரைக்கும், மொத்தம் 121 மைல், திறக்கப்பட்டது. துவாரகாநாத் கனவு கண்ட அதே நிலக்கரி, ஆனால் லண்டன் பங்குதாரர்களின் பாதையில் இறங்கி வந்தது. அதே வருஷம் ஜூன் கடைசியில் சந்தால் பழங்குடிகளின் கிளர்ச்சி வெடித்தது. வட்டிக்காரர்கள், ஜமீன்தார்கள் மேல் இருந்த கோபம்தான் முதல் காரணம். ஆனால் ராஜ்மகால் பக்கம் ரயில் வேலையில் இருந்தவர்கள் அந்த ஜனங்களிடம் நடந்துகொண்ட விதமும் கோபத்தில் சேர்ந்திருந்தது. ரயில் வேலை நடந்த இடங்களும் தாக்கப்பட்டன. கம்பெனி வரலாறுகளில் இது "வேலை தடைப்பட்டது" என்று ஒரு வரியில் போய்விடும்.

1856-ல் ஸ்டீபன்சனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்து திரும்பினார். அப்பா அமெரிக்காவில் இறந்ததும் அதே 1856-ல்தான். ஓடிப்போன பாங்குக்காரரின் மகன், இனிமேல் சர் மெக்டொனால்ட்.

ஒப்பந்தம் மட்டும் இந்தியாவிலேயே தங்கிவிட்டது. டல்ஹவுசி 1853-ல் எழுதிய குறிப்புக்குப் பிறகு வந்த கம்பெனிகள் எல்லாம் அதே அச்சில் வார்க்கப்பட்டன. மதராஸ் ரயில்வேயும் அப்படித்தான். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரைக்கும் ஓடிய தென்னாட்டின் முதல் பயணிகள் ரயிலும் இதே மாதிரி வட்டி உத்தரவாதத்தின் மேல்தான் ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பாதை போட்ட கிரேட் சதர்ன் கம்பெனியும் அதே வழிதான்.

வட்டி உறுதி என்றால் செலவைப் பற்றி எவன் கவலைப்படுவான்? கல்யாணச் செலவு பெண் வீட்டுக்காரர் தலையில் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பந்தலின் அகலத்தைக் குறைப்பார்களா! மைலுக்கு 8,000 பவுன் ஆகும் என்று டல்ஹவுசி காலத்தில் கணக்குப் போட்டார்கள். 1868 வாக்கில் சராசரி சுமார் 18,000 பவுன் ஆகியிருந்தது. இந்திய அரசாங்கத்தில் நிதி உறுப்பினராக இருந்த மாசி என்பவரே பிற்பாடு பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் ஒப்புக்கொண்டார்: வட்டி உறுதியாகக் கிடைக்கும் வரைக்கும், தன் பணம் செங்கல்லாகிறதா, ஹூக்ளி நதியில் கொட்டப்படுகிறதா என்பது பணம் போட்டவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று. அதே 1868-ல் இந்திய ரயில் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தவர்கள் கிட்டத்தட்ட 50,000 பேர். அவர்களில் இந்தியர்கள் 400-ஐக் கூடத் தொடவில்லை. வட்டி கொடுத்தவர்கள் இங்கே, வாங்கியவர்கள் அங்கே.

கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன் இதைப் பார்த்து வாழ்நாள் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தார். இந்தப் பணத்தில் பாதி வாய்க்காலுக்குக் கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருக்கலாம் என்பது அவர் வாதம். அவரும் கொஞ்சம் ஒரு பக்கமாகப் பேசக்கூடியவர்தான், ரயில் செய்கிற வேலையையெல்லாம் படகே செய்யும் என்று நம்பியவர். ஆனாலும் பஞ்சம் வந்த வருஷங்களில் அவர் பேச்சு பலருக்கு உறைத்திருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டீபன்சனின் சொந்த ரயில்வே, ஈஸ்ட் இந்தியன், பிற்பாடு நன்றாகவே சம்பாதித்தது. கங்கைச் சமவெளி, நிலக்கரி, 1866-ல் டெல்லி வரை இணைப்பு என்று எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டிய பாதை அது. அவர் 1844-ல் போட்ட கணக்கு பெரிய அளவில் தப்பவில்லை. தப்பியது மற்ற இடங்களில். மதராஸ் ரயில்வே போன்றவை வருஷத்துக்கு வருஷம் வட்டிக்குக் கூடப் போதாமல் கையேந்தின. கல்கத்தாவுக்கு வெட்டிய சட்டையை எல்லாருக்கும் மாட்டிவிட்டார்கள். 1900 வரை ரயில்வேயால் இந்திய அரசாங்கத்துக்கு ஏற்பட்ட நிகர நஷ்டம் 4 கோடி பவுன் என்று ரமேஷ் சந்திர தத் கணக்குக் காட்டினார். ஈஸ்ட் இந்தியன் கம்பெனியை 1880-ல் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அந்த விலைக்கும் இங்கேயிருந்துதான் வருஷாவருஷம் தவணை போனது.

ஸ்டீபன்சன் இந்தியாவை விட்டுப் போன பிறகும் ஓயவில்லை. துருக்கியில் ஸ்மிர்னாவிலிருந்து அய்தினுக்குப் போட்ட ரயில் பாதையில் முன்னின்றவர்களில் அவர் ஒருவர். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, பாரசீகம் வழியாக இந்தியாவுக்கே நேராக ரயில் விடலாம் என்று எழுதிக்கொண்டிருந்தார். 1863-64-ல் சீனாவுக்குப் போனார். அங்கிருந்த பிரிட்டிஷ் வியாபாரிகளின் அழைப்பு. ஹாங்கோவை மையமாக வைத்து ஷாங்காய், காண்டன் எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய வரைபடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கல்கத்தாவில் செய்த அதே வேலை, இருபது வருஷம் கழித்து. சீன அரசாங்கம் மரியாதையாக மறுத்துவிட்டது. அங்கே வட்டிக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுக்க ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி இல்லை. ஆக, இவர் திறமை எதில் இருந்தது என்பதற்கு சீனாவே சாட்சி. அதே ஆள், அதே மாதிரி வரைபடம், கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றதும் ஒரு மைல் கூட எழும்பவில்லை.

இந்தச் செலவுக் கணக்கு ஒரு நாள் இந்திய அரசாங்கத்துக்கே தாங்கவில்லை. 1869 வாக்கில் உத்தரவாதம் போதும், இனி அரசாங்கமே கடன் வாங்கிப் பாதை போடட்டும் என்று முடிவானது. செலவைக் குறைக்க வேண்டுமே! மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1870-ல் ஒரு வழி கண்டார்கள். ஐந்தரை அடி அகலப் பாதைக்குப் பதில் குறுகலான மீட்டர் கேஜ். சின்ன எஞ்சின், சின்னப் பெட்டி, லேசான தண்டவாளம். நாகப்பட்டினம் - திருச்சிப் பாதையைக் கூட, அகலமாகப் போட்டதைப் பெயர்த்து 1870களில் மீட்டர் கேஜாக மாற்றினார்கள்.

பிறகு 1876-78-ல் தாது வருஷப் பஞ்சம். மதராஸ் துறைமுகத்தில் அரிசி வந்து இறங்கியும் ரயில் இல்லாத ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ரயில் இருந்த ஊர்களிலும் வாங்கக் காசில்லாமல் செத்தார்கள். 1880-ல் பஞ்ச கமிஷன் இன்னும் 5,000 மைல் பாதை அவசரமாக வேண்டும் என்றது. அந்த அலையில்தான், 1890களின் தொடக்கத்தில், விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. கல்கத்தாவிலும் மதராஸிலும் உறுதி வட்டியில் தாராளமாகப் போட்ட அகலப் பாதைக்கு, தென்னாற்காட்டு ஊர்கள் குறுகிய பாதையாக விலை கொடுத்தன என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்பத் தப்பில்லை.

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கூட்டம் கூட்டமாக வந்தவர்களைத் திருவண்ணாமலையில் நூறு வருஷத்துக்கு மேல் அந்த மீட்டர் கேஜ் வண்டிதான் இறக்கிவிட்டது. காட்பாடியில் அகலப் பாதை வண்டியிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சோடு மாறி ஏற வேண்டும். அந்தப் பாதை அகலப் பாதையாகி ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது 2010 வாக்கில்தான்.

பையன் 1896-ல் பார்த்த அட்லஸில் பக்கத்து ஸ்டேஷனாக இருந்ததே திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு நேர்ப் பாதை போடப் போவதாக 2000களில் ரயில்வே அறிவித்தது. அடிக்கல்லும் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை.